பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு குளிர்ப் பிரதேசம்

ஓர் இடத்தின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் மாபெரும் சக்திகள் மூன்று. ஒன்று, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம். இரண்டு, கடலிலிருந்து அதன் தூரம். மூன்று, தமயந்தி டீச்சர்.

முதல் இரண்டும் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் உண்டு. மூன்றாவது, கல்கத்தாவில் பெஹாலா பகுதியில் 'தென்றல்' என்ற கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களும் இப்போதெல்லாம் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூகோளம் போதித்து ஓய்வு பெற்றவர் டீச்சர். ஓய்வு பெற்றது டீச்சர்தான், பூகோளம் பெறவில்லை. கத்தரிக்காய் வாங்கும்போதும் அது எந்த மண்ணில் விளைந்தது என்று காய்க்காரரைக் கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தாமே சொல்லிவிடுவார். மின்விசிறி நின்றுபோனால் மற்ற வீடுகளில் "லோட்ஷெடிங்" என்று அலுத்துக்கொள்வார்கள். டீச்சர் வீட்டில் பருவக்காற்றைப் பற்றி ஒரு சிறு விளக்கம் நடக்கும். அவர் கணவர் வைத்தீஸ்வரன், பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இருட்டில் விசிறியைத் தடவித் தேடுவார். தாம்பத்தியத்தில் வேலைப் பங்கீடு இப்படிச் சுமுகமாக அமைந்திருந்தது.

வைத்தீஸ்வரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு குறை, வலது முட்டி. டாலிகஞ்ச்சில் அவர்கள் வாடகைக்கு இருந்தது இரண்டாவது மாடி. அவர் படியேறினால் முட்டி 'கடக், கடக்' என்று முன்னே அறிவித்துக்கொண்டு போகும். கீழ் வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள். டாக்டர் முட்டியை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு, "இனிமேல் மாடி ஏறுவதா? ஏகேபாரே நா, மொஷாய்!" என்று, கூடவே கூடாதென இரண்டு கைகளையும் ஆட்டிவிட்டார். ஏறித்தான் ஆக வேண்டுமானால் ஒரே ஒரு மாடி. அதற்கு மேல் முட்டி பொறுப்பேற்காது.

அதனால்தான் 'தென்றல்'. மாற்றலாகி வந்து, ஊருக்குத் திரும்ப மறந்துபோன தமிழ்க் குடும்பங்கள் கூட்டுறவு சங்கம் வைத்துப் பெஹாலாவில் எழுப்பிக்கொண்டிருந்த கட்டடம். கீழே கார் நிறுத்த இடம், மேலே நான்கு மாடிகள். லிஃப்டுக்கு 'இடம் விடப்பட்டிருந்தது'. அந்த இடத்தில் காவல்காரரின் சைக்கிள் நின்றது.

இரண்டாயிரமாவது வருஷ ஜனவரியில் ஒரு நாள், சங்கத்தின் செயலாளர் சீதாராமன் கழுத்தில் மஃப்ளரோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். ரயில்வே ஆபீஸில் தணிக்கை பார்த்தவர். தும்மினால்கூட யாராவது முன்மொழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

"டீச்சர், நிலைமை கவலைக்கிடம். எல்லாரும் முதல் மாடியே வேணும்ங்கறா. நாலாவது மாடிக்கு ஒரு ஈ காக்கா இல்லை."

"ஏனாம்?"

"மேல்தளம் காயுமாம். அதுலயும் தெக்குப் பக்கம்னா கையெழுத்தே போட மாட்டேங்கறா. யமன் திசையாம்."

"ஐயையே! பெங்காலிகள் தெக்கு ஜன்னலுக்கு உசிரை விடறா. 'தொக்கின் கோலா', தெக்குத் திறந்த வீடுன்னு பேப்பர்ல விளம்பரமே பண்றா."

"அதைத்தான் நீங்க ஒரு உரையா ஆத்தணும். உசரம், கடல், வெப்பநிலை. விஞ்ஞானபூர்வமா. ஜனங்க மேலே போயிட்டா முதல் மாடி காலியாயிடும். காலியானா..."

சீதாராமன் வைத்தீஸ்வரனின் முட்டியைப் பார்த்தார். வைத்தீஸ்வரன் காலை நீட்டினார். முட்டி 'கடக்' என்று ஆமோதித்தது.

"கிழக்குப் பார்த்த ஃபிளாட்டா?" என்றார் டீச்சர்.

"மினிட்ஸ்ல எழுதலை. மனசுல எழுதியாச்சு."

ஆக, தமயந்தி டீச்சர் விஞ்ஞானத்துக்காகவே மேடையேறினார். முட்டிக்காக அல்ல. அப்படி யாராவது சொன்னால் அது விஷமம்.

உரை நடந்தது லேக் மார்க்கெட்டில், ஒரு டிபன் கடைக்கு மேலே இருந்த ஹாலில். சுவரில் டீச்சர் வங்காளத்தின் வரைபடத்தை மாட்டினார். கையில் அடிஸ்கேல். எதிரே, ஜனவரிக் குளிருக்கு அஞ்சி, ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாகச் சங்கத்தின் அங்கத்தினர்கள். முகம் தெரியாததால் யார் யார் தூங்குகிறார்கள் என்பதும் தெரியவில்லை. பேச்சாளருக்கு இதைவிட உகந்த தட்பவெப்பம் கிடையாது.

"ஆயிரம் மீட்டர் உசரம் போனா ஆறரை டிகிரி குறையும். சிலிகுரியில வேர்த்துக் கொட்டறவன் டார்ஜிலிங்ல ஏன் நடுங்கறான்?"

"மஃப்ளரை மறந்துட்டுப் போயிருப்பான் டீச்சர்," என்றது பின்வரிசை. துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாரியப்பன்.

"உசரம், மாரியப்பன், உசரம்! மேலே போகப் போகக் குளிர்ச்சி. இது என் அபிப்பிராயம் இல்லை. வளிமண்டலத்தோட அபிப்பிராயம்."

வளிமண்டலமே சொல்லிவிட்ட பிறகு ஆட்சேபிக்க யாருக்கும் துணிவில்லை. டீச்சர் அடிஸ்கேலைக் கடற்கரைக்கு இறக்கினார்.

"இது திகா. கடல் பக்கத்துல இருக்கு. வெயிலும் அடக்கம், குளிரும் அடக்கம். இதோ, உள்ளே அசன்சோல். மே மாசம் வறுபடும், ஜனவரியில விறைக்கும். ஏன்? கடலோட கை அங்கே எட்டாது. சரி, நம்ம தென்றல்ல தெக்கு ஜன்னலைத் திறந்தா நேரே என்ன இருக்கு?"

"பெட்ரோல் பங்க்," என்றார் மஹாதேவன். துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடலை நேரில் பார்த்திருப்பதால் அதைப் பற்றி அதிகம் பேசாதவர்.

"அதுக்கு அப்பால்?"

"இன்னொரு பெட்ரோல் பங்க்."

"அதுக்கும் அப்பால் வங்காள விரிகுடா!"

"நடுவுல நூறு கிலோமீட்டருக்கு மேல கிடக்கே டீச்சர்."

"காத்துக்கு பஸ் மாறணுமா, மஹாதேவன் சார்?"

கரகோஷம். மங்கி கேப்புகள் ஒன்றை ஒன்று பார்த்துத் தலையாட்டின. மஹாதேவனின் மனைவி பட்டு மட்டும் பயந்தபடியே கையைத் தூக்கினாள்.

"ஆனா மாமி, தெக்கு யமன் திசையாச்சே?"

"யமனும் அந்தப் பக்கம்தான் பட்டு. கடல்காத்தும் அந்தப் பக்கம்தான். ஜன்னலைச் சாத்தினா நிக்கப் போறது காத்து மட்டும்தான்."

பட்டு கையை இறக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நிமிஷமே அவள் நாலாவது மாடிவாசி ஆகிவிட்டாள்; மஹாதேவனுக்குத்தான் இன்னும் தெரியாது.

உரை முழுவதிலும் டீச்சர் ஒரு தப்புக்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே வலியுறுத்த வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி, சரி. தெற்கே கடல், சரி. நாலாவது மாடி தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர். அதற்கு எத்தனை டிகிரி குறையும் என்ற பெருக்கலை மட்டும் அவர் சொல்லவில்லை. மனதுக்குள் போட்டுப் பார்த்தார். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மொட்டை மாடிக் காங்கிரீட் பகலெல்லாம் குடிக்கும் வெயிலை ராத்திரி கீழே கக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாணவர்கள் தலையில் ஏற்றுவது நல்ல போதனா முறை அல்ல. சுருக்கம் முக்கியம்.

உரையோடு விடுவதற்குச் சீதாராமன் என்ன சாமானியரா? தணிக்கைக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'நேரடி ஆய்வு' என்று அறிவித்தார். காலையில் கமிட்டி, முடியாத கட்டடத்தின் முன் கூடியது. வெப்பநிலை அளக்கும் கருவி கொண்டுவரும் பொறுப்பை மாரியப்பன் ஏற்றிருந்தார். கொண்டுவந்தார். வீட்டில் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர்.

"இது காத்தை அளக்காதே மாரியப்பன்," என்றார் டீச்சர்.

"அப்ப யார் வாயிலயாவது வச்சு அளந்துருவோம். ஆளு ஒண்ணா இருந்தாச் சரிதானே? கீழ ஒருக்க, மேல ஒருக்க."

இந்த யோசனையின் விஞ்ஞான நேர்த்தியில் கமிட்டி சொக்கிப்போயிற்று. யார் வாய் என்ற கேள்விதான் பாக்கி. எல்லாரும் டீச்சரின் குடும்பத்தைப் பார்த்தார்கள்.

வைத்தீஸ்வரன் கீழே நின்று வாயைத் திறந்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பிறகு, விஞ்ஞானத்தின் பொருட்டு, நான்கு மாடி ஏறினார். 'கடக், கடக்' என்ற ஓசை ஒவ்வொரு மாடியாக மேலே போயிற்று. உச்சியில் அவர் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் சரிந்து, நாக்கு வெளியே தெரிய, வாயால் காற்றை வாரி வாரி இழுத்தார். அந்த வாயில் மாரியப்பன் தெர்மாமீட்டரை உதறிச் செருகினார்.

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு!"

"குறைஞ்சிருக்கு!" என்று கத்தினார் சீதாராமன். "எழுதிக்கோங்கோ!"

எழுத வேண்டியவர் அவர்தான், எழுதிக்கொண்டார். அத்தனை நேரம் ஜனவரிக் காற்றை வாயால் குடித்தவருக்கு வாய் ஜில்லிடாமல் வேறென்ன செய்யும் என்று டீச்சருக்குத் தோன்றியது. ஆனால் அது பூகோளம் அல்ல, உடற்கூறு. வேறு டீச்சரின் பாடம். அதில் தலையிடுவது நாகரிகமில்லை.

"வலிக்கறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சரிபார்ப்பதற்காக மாரியப்பன் மறுபடியும் தெர்மாமீட்டரைச் செருகியிருந்ததால், வைத்தீஸ்வரன் தலையை மட்டும் ஆட்டினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ. இதோட சரி. இனிமே ஜன்மத்துக்கும் முதல் மாடிதான்."

பொதுக்குழு கூடிய நாளில் நாலாவது மாடிக்கு அடிதடி. தெற்குப் பக்கத்துக்குச் சிபாரிசுகள் வந்தன. உயரத்தையும் கடலையும் ஒருங்கே பெற்ற தென்மேற்கு மூலை ஃபிளாட்டைப் பட்டு அழுது புரண்டு மஹாதேவனின் பெயரில் பிடித்துவிட்டாள். மாரியப்பன் எதிர் ஃபிளாட்டைப் பிடித்தார். முதல் மாடியின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழக்குப் பார்த்த ஃபிளாட்டுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: திருமதி தமயந்தி வைத்தீஸ்வரன். "யாதொரு ஆட்சேபணையும் இல்லையெனில்..." என்று சீதாராமன் ஆரம்பித்தார்.

மஹாதேவன் எழுந்தார்.

"ஆட்சேபணை இல்லை. மனசாட்சி உறுத்தறது."

அந்தச் சங்கத்தில் அந்த வார்த்தையை அதற்குமுன் யாரும் உபயோகித்ததில்லை.

"இந்த மகத்தான உண்மையை நமக்குச் சொன்னது யார்? டீச்சர். குளிர்ச்சி அத்தனையும் நாம அள்ளிண்டு, அவாளை முதல் மாடி வெக்கையில தள்றது தர்மமா? என் தென்மேற்கு மூலையை டீச்சருக்கே விட்டுக்கொடுக்கறேன். அந்த முதல் மாடியில நான் எப்படியோ கஷ்டப்பட்டுக்கறேன்."

"ஏன்னா!" என்று பதறினாள் பட்டு. "நம்ம கடல்காத்து!"

"பேசாம இரு பட்டு. தியாகம்."

கரகோஷத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் எழுந்து நின்றார். அவசரமாகக் கையை ஆட்டி மறுத்ததை மண்டபம் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

"வேண்டாமே... எனக்கு எதுக்கு இதெல்லாம்? முதல் மாடியே போறும்."

"பாத்தேளா! என்ன பெருந்தன்மை!" என்றார் மஹாதேவன்.

"இவருக்கு முட்டி முடியலை..."

"அன்னிக்கு உச்சி வரைக்கும் ஏறினாரே டீச்சர்," என்றார் சீதாராமன். "தெர்மாமீட்டரோட. பதிவாயிருக்கு."

டீச்சர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"உசரத்துல பிராணவாயு குறைச்சல். வயசானவாளுக்கு மூச்சு முட்டும்."

மஹாதேவன் சாந்தமாகச் சிரித்தார். கப்பல்களைப் பாதுகாப்பாகக் கரை சேர்த்து அனுபவமுள்ள சிரிப்பு.

"பன்னண்டு மீட்டர்லயா டீச்சர்? பன்னண்டு மீட்டர்லாம் ஒரு உசரமே இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்கோ. இங்கேயே. எல்லாரும் கேட்டுக்கட்டும்."

அப்போதுதான் டீச்சர் பார்த்தார். அத்தனை மங்கி கேப்புகளும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. ஒவ்வொன்றின் வட்டத்துக்குள்ளும் இரண்டு கண்கள், விடைக்குக் காத்திருக்கும் வகுப்பைப் போல. பக்கத்தில் வைத்தீஸ்வரன் முட்டியைத் தடவியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்ற ஒரு சொல் போதும், முட்டி பிழைத்துவிடும். ஆனால் முப்பது வருஷம் ஒரு தப்பான விடைகூடச் சொல்லாத வாய் அது. சொன்னதே தப்பு என்று சொல்ல அதற்குப் பழக்கமில்லை.

"உங்க எல்லாரோட அன்புக்கும் நன்றி," என்றது அந்த வாய்.

திரும்பும்போது ஆட்டோவில் வைத்தீஸ்வரன் காலை நீட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார். டீச்சருக்குத்தான் தாங்கவில்லை.

"நீங்களாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"நீ சொல்லுவேன்னு உட்கார்ந்திருந்தேன்," என்றார் அவர்.

குடி போன வருஷம்தான் கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று. ஊர் பெயரை மாற்றிக்கொண்டதை வெயிலுக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. ஏப்ரலிலேயே தென்மேற்கு மூலை தன் குணத்தைக் காட்டியது. மேலே காங்கிரீட் பழுத்தது. பின்பகல் சூரியன் மேற்கு ஜன்னல் வழியாக வந்து, நாற்காலியில் உட்காராத குறையாக, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போயிற்று. தெற்குக் காற்று வந்தது, அதில் பொய்யில்லை. வழியில் கொதிக்கும் மொட்டை மாடிகளை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தது. தொட்டித் தண்ணீர் குழாயில் ஆவி பறக்கக் கொட்டியது.

"தமயந்தி, காப்பிப் பொடியைக் குழாய்க்கு அடியில வச்சுடு. டிகாக்ஷன் தானே இறங்கிடும்," என்றார் வைத்தீஸ்வரன். அதற்கு மேல் அவர் எதுவும் குறைசொல்லவில்லை. காலையில் ஒரு முறை இறங்குவார், ஒரு முறை ஏறுவார். நடுவில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்காருவார். முதல் மாடியில் உட்காரும்போது மட்டும் கிழக்குப் பார்த்த அந்தக் கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் மஹாதேவன் கதவைத் திறந்து மோர் கொடுப்பார். தியாகிகள் உபசாரப் பிரியர்கள்.

பட்டு படியில் எதிர்ப்பட்டால் ஏக்கத்தோடு கேட்பாள். "மேலே எப்படி இருக்கு மாமி? குளிர் தாங்கறதா?"

"ராத்திரி போர்வை வேண்டியிருக்கு பட்டு."

போர்வையைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார். சுருக்கம் முக்கியம்.

எதிர் ஃபிளாட் மாரியப்பனும் மானஸ்தர். மே மாதத்தில் கழுத்தில் மஃப்ளரோடு வாசலில் நிற்பார். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும்.

"உங்க பக்கம் எப்படி டீச்சர்?"

"ஜிலுஜிலுன்னு இருக்கு. உங்க பக்கம்?"

"நடுங்குது டீச்சர்."

தன் வீட்டில் மட்டும்தான் ஏதோ கோளாறு என்று இருவருமே நம்பினார்கள். அடுத்தவர் வீட்டில் விஞ்ஞானம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

இப்படியிருக்கையில் ஒரு பிற்பகல், லோட்ஷெடிங் நேரமாகப் பார்த்து, சீதாராமனும் மஹாதேவனும் மேலே வந்தார்கள். கதவைத் தட்டும் ஓசை கேட்டதும் டீச்சர் ஆணியில் தொங்கிய சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு திறந்தார். சீதாராமனின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"ஏறி வந்த களைப்புதான் டீச்சர். மத்தபடி இங்கே என்ன குளுமை!"

"உட்காருங்கோ."

"நல்ல சேதி. பக்கத்து மனையில ரெண்டாவது கட்டடம். தென்றல் பாகம் ரெண்டு. ஏழு மாடி!"

"ஏழா?"

"ஏழாவது மாடியை எடுக்க ஆளில்லை. லிஃப்டுக்கு இடம் விட்டிருக்கு. நீங்க மறுபடியும் ஒரு உரை..."

"டார்ஜிலிங், சிலிகுரி, எல்லாம் அப்படியே சொன்னாப் போறும்," என்றார் மஹாதேவன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் தூங்கி எழுந்த முகம்.

டீச்சர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மேடை என்றதும் கை தானாகப் பரணைப் பார்த்துப் போயிற்று. வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டினார். சால்வைக்குள் வேர்வை முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"என்னிக்கு வச்சிருக்கேள்?"

"ஞாயித்துக்கிழமை."

"அசன்சோலை இந்தத் தடவை கொஞ்சம் விரிவாச் சொல்லணும்," என்றார் டீச்சர்.

அப்போது படிக்கட்டில் 'கடக்' கேட்டது. நின்றது. மறுபடி 'கடக்'. மூவரும் வாசலுக்கு வந்தார்கள். காய்கறிப் பையோடு வைத்தீஸ்வரன் கடைசித் திருப்பத்துக்கு வந்து, ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் முட்டியையும் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியின் சால்வையைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"தமயந்தி, ஒரு சந்தேகம். ஆறரை டிகிரி குறையறதுக்கு எவ்வளவு உசரம் போகணும்?"

இந்த வீட்டில் அவர் கேட்ட முதல் பூகோளக் கேள்வி அது. டீச்சர் முகம் மலர்ந்தது.

"ஆயிரம் மீட்டர்."

"நம்மாத்துக்கு எத்தனை ஏறியிருக்கேன்?"

டீச்சர் செயலாளரைப் பார்த்தார், தியாகியைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் ஒரு தப்பான விடையும் சொன்னதில்லையாதலால், சரியான விடையைச் சொன்னார்.

"பன்னண்டு."

வைத்தீஸ்வரன் காய்கறிப் பையை அவர் கையில் கொடுத்தார். மொட்டை மாடிக்குப் போகும் படியைக் காட்டினார்.

"இன்னும் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மீட்டர்தான் பாக்கி. நீ முன்னாடி ஏறு. நான் முட்டியைக் கேட்டுட்டு வரேன்."